ரோஸ்மேரி: தலைமுடிக்கு வருவதற்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தது?

வடிநீர் எழுதியது:

கொஞ்ச காலமாகக் கைப்பேசியில் எதைத் திறந்தாலும் ரோஸ்மேரித் தண்ணீர்தான். கல்லூரிக்குப் போகும் என் மகள் தெளிப்பான் வைத்த புட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறாள். அவளுடைய தோழிகள் எல்லோரிடமும் ஒன்று இருக்கிறதாம். விலையைக் கேட்டதும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

முடி வளருமா, வளராதா என்று கேட்க இந்த இழையைத் தொடங்கவில்லை. அதற்கு ஆயிரம் காணொளிகள் இருக்கின்றன. என் கேள்வி வேறு. இது மத்தியதரைக் கடலோரத்துச் செடி என்று படித்தேன். அந்த ஊர்க்காரர்கள் நூற்றாண்டுகளாக இதை எதற்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்? நமக்கு வேப்பிலை என்றதும் அம்மன், அம்மை கண்ட வீடு, வாசலில் செருகிய கொத்து என்று ஓர் உலகமே விரிகிறது அல்லவா? அதுபோல இந்த இலைக்கும் ஓர் உலகம் இருந்திருக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வகுப்பறை எழுதியது:

வடிநீர் அம்மா, நான் ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எனக்கு ரோஸ்மேரி அறிமுகமானது சமையலறையிலும் இல்லை, குளியலறையிலும் இல்லை, ஷேக்ஸ்பியர் வழியாகத்தான். ‘ஹாம்லெட்’ நாடகத்தின் நான்காம் அங்கத்தில், தந்தையை இழந்து புத்தி பேதலித்த ஒஃபீலியா ஒவ்வொருவருக்கும் ஒரு பூவையோ இலையையோ கொடுக்கிறாள். முதலில் கொடுப்பது ரோஸ்மேரி. அது நினைவுக்கானது, அன்பே, மறந்துவிடாதே என்கிறாள். அன்று அரங்கில் இருந்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. அவர்கள் கல்யாணத்துக்கும் இழவுக்கும் கையில் பிடித்துப் போன இலைதான் அது.

ஆம், இரண்டுக்கும் ஒரே இலைதான். இங்கிலாந்தில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் மணமக்களும் விருந்தினர்களும் ரோஸ்மேரிக் கிளைகளை அணிந்தார்கள். வசதி உள்ளவர்கள் அதை வாசனை நீரில் முக்கி, தங்கப் பூச்சும் பூசினார்கள். 1540 ஜனவரியில் எட்டாம் ஹென்றியை மணந்த கிளீவ்ஸ் நாட்டு இளவரசி ஆன், நவரத்தினக் கிரீடம் நிறைய ரோஸ்மேரிக் கிளைகளைச் செருகிக்கொண்டு வந்ததை அக்காலத்து வரலாற்றாசிரியர் பதிந்திருக்கிறார். விசுவாசத்தின் அடையாளம் அது. ஆறு மாதத்தில் அந்தக் கல்யாணம் செல்லாது என்று அரசர் அறிவிக்கவைத்துவிட்டார். இலையின் மேல் பழி போடக் கூடாது. அந்த மனிதரின் குணம் அப்படி.

சாவு வீட்டிலோ, பிணத்தின் பின்னால் நடந்தவர்கள் ஆளுக்கொரு கிளையைப் பிடித்துச் சென்று, குழிக்குள் பெட்டியின் மேல் போட்டார்கள். 1648இல் வெளியான தம் தொகுப்பில் ராபர்ட் ஹெரிக் என்ற கவிஞர் ரோஸ்மேரிக் கிளையைப் பற்றி இரண்டே அடிகளில் முடித்திருக்கிறார்: என் மணத்துக்கோ என் அடக்கத்துக்கோ, எதற்காக வளர்ந்தாலும் ஒன்றுதான் என்று. ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் இது கதையாகவே நிகழ்கிறது. கல்யாணக் காலையில் ஜூலியட் இறந்து கிடக்கிறாள் என்று வீடு அலறுகிறது. கண்ணீரைத் துடைத்துவிட்டு ரோஸ்மேரியை இந்த உடலின் மேல் வையுங்கள் என்கிறார் பாதிரியார். மணப்பெண்ணுக்கென்று வாங்கி வந்த இலை வீட்டில் தயாராகவே இருந்திருக்கும். வேறு கடைக்கு ஓட வேண்டியதில்லை.

மூலிகைச் செல்வம் எழுதியது:

நல்ல இழை. இலக்கியத்தை விடுங்கள், மருத்துவத்துக்கு வருவோம். பழைய கிரேக்க நாட்டில் மாணவர்கள் தேர்வுக்குப் போகும்போது தலையில் ரோஸ்மேரி மாலை சூடிக்கொண்டார்கள், நினைவாற்றல் கூடுவதற்காக. ஹங்கேரி நாட்டு ராணி எலிசபெத் 72 வயதில் கைகால் முடங்கிக் கிடந்தபோது, ஒரு துறவி ரோஸ்மேரித் தைலம் கொடுத்தார். அதைப் பூசி அவர் இளம்பெண்ணைப் போல ஆகிவிட, போலந்து அரசர் அவரை மணக்க விரும்பினார். அதுதான் ‘ஹங்கேரி நீர்’. நம் சித்தர்களும் இதை மருக்கொழுந்து என்ற பெயரில் சொல்லியிருக்கிறார்கள். ஆக உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட மூலிகை இது.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

செல்வம் ஐயா, மூன்று செய்திகள் சொன்னீர்கள். கடைசியிலிருந்து வருகிறேன்.

மருக்கொழுந்து வேறு செடி. அது மாசிபத்திரி வகையறா. பூக்கட்டுபவர்கள் கதம்பத்தில் வைத்துக் கட்டுவது. ரோஸ்மேரியோ துளசி, தும்பை, புதினா குடும்பத்தைச் சேர்ந்தது. வாசனை இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது. ரோஸ்மேரி நம் நாட்டுக்கு மலைத்தோட்டக் காலத்தில் வந்த செடி. வந்த செடியாகவே அதற்கு மரியாதை கொடுப்போம், சித்தர் பட்டம் கட்ட வேண்டாம்.

அடுத்தது ராணி கதை. இதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. கதையில் வரும் ராணி என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர், ஹங்கேரி அரசர் முதலாம் சார்லஸின் மனைவி எலிசபெத். பிறந்தது 1305இல், இறந்தது 1380இல். 72 வயது என்றால் 1377ஆம் ஆண்டு வாக்கில். அப்போது போலந்து அரசர் யார் தெரியுமா? அவருடைய சொந்த மகன் லூயி! 1370இல் எலிசபெத்தின் தம்பி கசிமிர் இறந்த பிறகு லூயிதான் ஹங்கேரி, போலந்து இரண்டுக்கும் அரசர். மகனுக்காகப் போலந்தை நிர்வகித்ததும் இந்த அம்மையார்தான். இப்போது அந்தக் கல்யாணக் கதையை மறுபடி படித்துப் பாருங்கள். கதை அச்சில் பரவியது 17ஆம் நூற்றாண்டில், அதாவது ராணி இறந்து கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. தைலம் விற்றவர்களுக்கு ஒரு ராணி தேவைப்பட்டிருக்கிறார்.

ஆனால் தைலம் உண்மை. மதுசாரத்தில் ரோஸ்மேரிப் பூவையும் தளிரையும் ஊறவைத்து வாலையில் வடித்த வாசனை நீர் ஐரோப்பா முழுக்க விற்றது. பூசினார்கள், முகர்ந்தார்கள், சிலர் குடித்தும் பார்த்தார்கள். மதுசாரத்தை அடிப்படையாகக் கொண்ட ஐரோப்பிய வாசனைத் திரவங்களில் முன்னோடி இதுதான் என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் ‘ஓ தெ கொலோன்’ வந்து இதன் சந்தையைப் பிடித்துக்கொண்டது. அதிலும் ரோஸ்மேரி எண்ணெய் சேர்ந்தது.

கிரேக்க மாணவர் மாலை: இதைச் சொல்கிறவர்கள் ஒருவரும் எந்தக் கிரேக்க ஆசிரியர், எந்த நூல் என்று சொல்வதில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். கையில் இருக்கும் சான்று எளிமையானது, எனக்கு அதுவே அழகாகத் தோன்றுகிறது. முதலாம் நூற்றாண்டு மருத்துவர் டயோஸ்கோரிடீஸ் இந்தச் செடியைப் பற்றி எழுதும்போது, மாலை கட்டுபவர்கள் பயன்படுத்துவது என்று சொல்லிவிட்டு, உடலுக்குச் சூடு தரும், மஞ்சள் காமாலைக்கு ஆகும் என்று தொடர்கிறார். ரோமானியக் கவிஞர் ஹோரேஸ், ஃபிடிலெ என்ற நாட்டுப்புறப் பெண்ணுக்குச் சொல்வதுபோல ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். பெரிய பலி எல்லாம் உனக்கு வேண்டாம், உன் வீட்டுச் சின்னத் தெய்வங்களுக்கு ரோஸ்மேரியும் மிர்ட்டல் கொழுந்தும் சூட்டினால் போதும் என்கிறார். தேர்வு எழுதும் மாணவன் அங்கே இல்லை. ஏழை வீட்டுச் சாமி மாடம்தான் இருக்கிறது.

மூலிகைச் செல்வம் எழுதியது:

எல்லாவற்றுக்கும் ஆண்டு கேட்டால் ஒரு பாட்டி வைத்தியமும் மிஞ்சாது. வாய்மொழியாக வந்தவற்றுக்கு எங்கே போய் நூல் காட்டுவது?

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

வாய்மொழி என்றால் அதை வைத்திருக்கும் ஒரு பாட்டி இருக்க வேண்டும் ஐயா. கிரேக்க மாணவர் கதைக்குப் பாட்டி இல்லை. எண்ணெய்ப் புட்டியின் பின்பக்கச் சீட்டுதான் இருக்கிறது.

கப்பல்காரன் எழுதியது:

பாட்டி வேண்டுமா, நான் காட்டுகிறேன். தூத்துக்குடிக்காரன், கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் நன்றாகப் பழக்கம்.

குரோஷியா, செர்பியா பக்கம் கல்யாணத்துக்குப் போனால் வாசலிலேயே ஒரு பெண் நின்று, வருகிறவர்கள் சட்டையில் சிறு ரோஸ்மேரிக் கொத்தைக் குத்திவிடுவார். நாம் சந்தனம் வைத்து, பன்னீர் தெளிப்பது போலத்தான், ஆனால் அங்கே கொத்து வாங்கிக்கொண்டவர்கள் தட்டில் காசு போடுவது வழக்கம். ஹங்கேரி, ஸ்லோவாக்கியா பக்கமும் இந்த இலை கல்யாண இலைதான். இது புத்தகத்தில் படித்ததல்ல; ஸ்பிளிட் நகரில் எங்கள் கப்பல் ஏஜென்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் என் சட்டையிலும் குத்தினார்கள். குரோஷியாவின் குவார் தீவில் லாவெண்டர் வருவதற்கு முன்பு ரோஸ்மேரி எண்ணெய் வடிப்பதுதான் தொழில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கே விவசாயிகள் அதற்காகக் கூட்டுறவுச் சங்கம் வைத்துவிட்டார்கள்.

ஸ்பெயினில் வேறு மாதிரி. கிரனாடாவில் பேராலயத்தைச் சுற்றி ஜிப்சிப் பெண்கள் ரோஸ்மேரிக் கிளையோடு நிற்பார்கள். சிரித்துக்கொண்டே கையில் திணிப்பார்கள். வாங்கிவிட்டீர்களோ, உள்ளங்கையைப் பிடித்து ரேகை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், பிறகு காசு. வேண்டாம் என்று முன்பே கையைக் கட்டிக்கொள்வது நல்லது. எங்கள் கப்பலில் ஒரு பையனுக்கு வெளிநாட்டில் மணம் முடியும் என்று சொல்லிப் பத்து யூரோ வாங்கினார்கள். பிறகு அவன் சாத்தான்குளத்தில்தான் மணம் முடித்தான்.

அங்கே வீட்டு வைத்தியமும் உண்டு. ரோஸ்மேரியை மதுசாரத்தில் ஊறப்போட்டுத் தசைவலிக்குத் தேய்ப்பார்கள். மருந்துக் கடையிலும் பல்பொருள் அங்காடியிலும் புட்டியில் கிடைக்கும். எஞ்சின் அறையில் முதுகு பிடித்துக்கொண்டவர்கள் எங்களிலும் சிலர் வாங்கி வைத்திருந்தார்கள். சூடு பரவும், வாசனை நன்றாக இருக்கும். குணம் இலையாலா, தேய்த்த கையாலா என்று என்னைக் கேட்காதீர்கள். ரோஸ்மேரியின் குணங்களை எழுதினால் ஒரு முழுப் புத்தகம் வரும் என்று ஸ்பானியர்களிடம் எதுகையோடு ஒரு பழமொழியே இருக்கிறது.

பழைய வகுப்பறை எழுதியது:

ஸ்பெயின் என்றதும் செர்வாண்டிஸ் எழுதிய ‘டான் குவிக்ஸோட்’ நாவல் நினைவுக்கு வருகிறது. எந்தக் காயத்தையும் ஆற்றும் மாயத் தைலம் என்று சொல்லி அந்த வீரர் எண்ணெய், ஒயின், உப்பு, ரோஸ்மேரி நான்கையும் கொதிக்கவைப்பார். குடித்து வாந்தியெடுத்து, தூங்கி எழுந்ததும் குணமாகிவிட்டதாக நம்புவார். அதையே குடித்த அவருடைய பணியாள் சாஞ்சோவுக்கோ உயிர் போய் உயிர் வரும். புட்டி மருந்து விற்பவர்களைச் செர்வாண்டிஸ் அப்போதே பார்த்திருக்கிறார்.

தெற்குத்திசை எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது மெல்பர்னில் இருக்கிறேன். பழைய வகுப்பறை ஐயா சொன்ன அந்த ‘நினைவு’ இங்கே இன்றும் தெருவில் நடக்கிறது.

ஏப்ரல் 25, அன்சாக் நாள். 1915இல் அதே நாளில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் துருக்கியின் கலிப்பொலித் தீபகற்பத்தில் இறங்கின. எட்டு மாதம் சண்டையிட்டு, எதையும் பிடிக்காமல், ஆயிரக்கணக்கில் இறந்து, திரும்பின. ஆண்டுதோறும் அன்று விடியலுக்கு முன்பே மக்கள் நினைவிடத்தில் கூடுவார்கள். நெஞ்சில் பதக்கம் குத்தும் இடத்தில் சிறு ரோஸ்மேரிக் கொத்து இருக்கும். என் பிள்ளைகள் பாடசாலையிலிருந்து அதோடுதான் வருவார்கள். நியூசிலாந்துக்காரர்கள் அன்று சிவப்புப் பாப்பிப் பூ குத்துகிறார்கள். ரோஸ்மேரி பெரும்பாலும் ஆஸ்திரேலிய வழக்கம்.

ஏன் ரோஸ்மேரி என்றால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, நீங்கள் சொன்ன அந்தப் பழைய ஆங்கிலேய மரபு. மற்றது, கலிப்பொலி மலைச்சரிவுகளில் இச்செடி காடாக வளர்கிறது. அங்கே காயம்பட்ட வீரர் ஒருவர் ஒரு சிறு செடியைக் கொண்டுவந்து அடிலெய்டின் கெஸ்விக் மருத்துவமனையில் நட்டார் என்று சொல்லப்படுகிறது. அதன் வழியில் வந்தது என்று சொல்லும் செடிகளை இங்கே நாற்றுப் பண்ணைகளில் இன்றும் விற்கிறார்கள்.

நம் பக்கத்துக்கும் அந்தக் கரையோடு சிறு தொடர்பு இருக்கிறது. சிலோன் தோட்டத்துரைமாரின் துப்பாக்கிப் படை அங்கே அன்சாக் படைத் தளபதி பேர்ட்வுட்டின் காவல் படையாக இருந்தது. எல்லோரும் வெள்ளைக்காரத் துரைமார். அவர்களின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய தமிழர்களுக்கு எந்த நாளில் எந்த இலையைக் குத்துவது என்று எனக்கு அந்த விடியற்காலைக் கூட்டங்களில் தோன்றுவதுண்டு. இந்தியாவின் மலைப் பீரங்கிப் படையும் கோவேறு கழுதைப் படையும் அங்கே இருந்தன. அவர்களைப் பற்றி இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

வடிநீர் எழுதியது:

தெற்குத்திசை, உங்கள் கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். தேவாலயத்துக்குப் போகும் என் தோழி ஒருத்தி, மாதா தன் நீலப் போர்வையை இந்தச் செடியின் மேல் காயப்போட்டதால்தான் பூ நீலமானது என்று சொன்னாள். இது இங்கே கட்டிய கதையா, அங்கேயே உண்டா?

பழைய வகுப்பறை எழுதியது:

அங்கேயே உண்டு. குழந்தை இயேசுவோடு மரியாளும் சூசையப்பரும் எகிப்துக்குத் தப்பிச் செல்லும் வழியில் நடந்ததாகச் சொல்லும் கதை அது. வெள்ளையாக இருந்த பூ போர்வையின் நிறத்தை வாங்கிக்கொண்டதாம். இன்னொரு நம்பிக்கையும் உண்டு. ரோஸ்மேரி முப்பத்து மூன்று ஆண்டுகள் உயரமாக வளரும், இயேசுவின் உயரத்தைத் தாண்டாது, அதன் பிறகு பருமன் மட்டும்தான் கூடும் என்று. ஆள் உயரத்தோடு நிற்கிற புதர்தான் என்பதால் கதையும் நிலைத்துவிட்டது.

ஆங்கிலேயக் கிராமங்களில் இன்னொரு பேச்சு உண்டு: எந்த வீட்டில் ரோஸ்மேரி செழிக்கிறதோ அந்த வீட்டில் மனைவி கைதான் ஓங்கி இருக்கும். இதற்கு அஞ்சி, இரவோடு இரவாக வேரில் வெட்டிவைத்த கணவர்களைப் பற்றிய கதைகளும் உண்டு. வடிநீர் அம்மா, உங்கள் வீட்டில் செடி வைத்திருக்கிறீர்களா?

வடிநீர் எழுதியது:

வைத்தேன் ஐயா, பட்டுப்போனது. என் கணவரை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய வகுப்பறை எழுதியது:

விசாரணை நடக்கட்டும். அதற்குள் கொள்ளைநோய்க் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த இலையின் கதையில் கனமான பகுதி அதுதான்.

நோய் துர்நாற்றத்தால் பரவுகிறது என்று நம்பிய காலம். நல்ல மணம் இருந்தால் நோய் அண்டாது. வீட்டில் ரோஸ்மேரி புகைத்தார்கள், மூக்கருகே கொத்துப் பிடித்துத் தெருவில் நடந்தார்கள். பிரான்சில் மருத்துவமனைகளில் ஜூனிப்பர் காய்களோடு சேர்த்து எரித்தார்கள். சாம்பிராணி வாங்க வசதியில்லாத கோயில்களிலும் இதுவே புகைந்தது. 1603இல் லண்டனைக் கொள்ளைநோய் சூறையாடியபோது நேரில் பார்த்து எழுதியவர் தாமஸ் டெக்கர். இரு கையாலும் அணைத்தெடுக்கும் ஒரு கட்டு 12 பென்சுக்கு விற்ற ரோஸ்மேரி, ஒரு பிடி 6 ஷில்லிங்குக்குப் போனது என்கிறார். 6 ஷில்லிங் என்றால் 72 பென்ஸ். ஒரு கட்டு இருந்த இடத்தில் ஒரு பிடி, விலை ஆறு மடங்கு. அந்தக் கணக்கை நாம் கொரோனா நாட்களில் முகக்கவசத்துக்குப் பார்த்தோம்.

அதே நூலில் ஒரு மணப்பெண் வருகிறாள். கோயிலில் மணம் நடந்துகொண்டிருக்கும்போதே நோய் கண்டு, அன்றே இறக்கிறாள். கல்யாணத்துக்கென்று வாசனை நீரில் கழுவிய ரோஸ்மேரி, அவள் அடக்கத்துக்காகக் கண்ணீரில் நனைந்தது என்று டெக்கர் எழுதுகிறார். நாடகத்தில் ஷேக்ஸ்பியர் காட்டியது தெருவிலும் நடந்திருக்கிறது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 1649 ஏப்ரலில் ராபர்ட் லாக்கியர் என்ற இளம் படைவீரரை, படைக்குள் நடந்த கிளர்ச்சிக்காக, லண்டன் புனித பவுல் பேராலய முற்றத்தில் சுட்டுக்கொன்றார்கள். எல்லா மனிதருக்கும் சம உரிமை கேட்ட ‘லெவலர்’ இயக்கத்தைச் சேர்ந்தவர். இரண்டு நாள் கழித்து நடந்த இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் சென்றார்கள். பெட்டியின் மேல் அவருடைய வாளும் ரோஸ்மேரிக் கட்டுகளும் இருந்தன. கட்டுகளில் பாதி இரத்தத்தில் தோய்க்கப்பட்டவை. அரசின் காதில் விழ வேண்டியது எல்லாம் அந்த இலையிலேயே இருந்தது. தனியாக முழக்கம் தேவைப்படவில்லை.

தெற்குத்திசை எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். நினைவு என்பது அரசு நடத்தும் விழாவில் மட்டும் குத்திக்கொள்வது அல்ல என்று எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நன்றி ஐயா.

மலையோரம் எழுதியது:

இழையை இப்போதுதான் பார்த்தேன். கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் நிலம். தேயிலை ஒரு பக்கம், ரோஸ்மேரி ஒரு பக்கம். கதைகளைப் படித்தபோது என் பாத்திக்கு இவ்வளவு பெரிய பரம்பரையா என்று இருந்தது.

எங்கள் மலையில் இது பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ராணியும் இல்லை, நாடகமும் இல்லை. காட்டெருமை தின்னாது. கேரட், முட்டைக்கோஸ் போட்டால் இரவில் கூட்டமாக வந்து துடைத்துவிட்டுப் போகும். இந்த வாசனைக்கு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. தண்ணீரும் அதிகம் கேட்பதில்லை. ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் வெட்டலாம். ஊட்டியில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் ‘ஊட்டி ஆர்எம் 1’ என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது.

முன்பெல்லாம் இலையைக் காயவைத்து மசாலாக் கம்பெனிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் அனுப்புவோம். நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நிறமும் போகும், மணமும் போகும். இப்போது முடிக்கு என்று கேட்டு வாரம்தோறும் புதிய ஆட்கள் அழைக்கிறார்கள். நூறு கிலோ பச்சை இலையை ஆவியில் வடித்தால் ஒரு கிலோ எண்ணெய் கிடைப்பதே பெரிது. அப்படி இருக்க, ‘சுத்தமான எண்ணெய்’ என்று சொல்லிப் பால் பாக்கெட் விலைக்கு விற்பவர்கள் எதை ஊற்றுகிறார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வடித்தபின் மிஞ்சும் தண்ணீர்தான் பெரும்பாலான புட்டிகளில் போவது. அதை முன்பு நாங்கள் பாத்திக்கு ஊற்றிவிடுவோம்.

மண்ணுக்கு ஏற்ப எண்ணெயும் மாறும் என்று வாங்குபவர்கள் சொல்வார்கள். ஸ்பெயின் எண்ணெயில் கற்பூர வாடை தூக்கலாக இருக்கும். மொராக்கோ, துனீசியா எண்ணெயில் யூகலிப்டஸ் தைலத்தின் சினியோல் அதிகம். மலைக்கு வந்து ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் கற்பூரம், தைலம் இரண்டும் உங்களுக்கே தெரியும்.

மூலிகைச் செல்வம் எழுதியது:

மலையோரம் அண்ணா, உங்களிடம் நேரடியாக இலை வாங்க முடியுமா? தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். முடிக்குப் பலன் உண்டு என்று ஆய்வே வந்திருக்கிறதே, ஏட்டுச்சுரைக்காய் அதையும் மறுப்பாரா?

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

மறுக்க என்ன இருக்கிறது, உள்ளபடி சொல்கிறேன். 2015இல் ஈரானிய ஆய்வாளர்கள் பரம்பரை வழுக்கை உள்ள நூறு பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோஸ்மேரி எண்ணெய்க் கரைசலும் மறுபாதிக்கு மினாக்சிடில் என்ற முடி வளர்ச்சி மருந்தின் 2 சதவீதக் கரைசலும் ஆறு மாதம் பூசச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் இரு பக்கமும் மாற்றமில்லை. ஆறாம் மாதத்தில் இரு பக்கமும் கொஞ்சம் முடி கூடியிருந்தது, இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வெறும் எண்ணெய் பூசிய மூன்றாம் குழு ஒன்று இல்லாததால், எது இலையின் வேலை என்று பிரிக்க முடியாது. அங்கே பூசியது எண்ணெய்க் கரைசல். மலையோரம் பாத்திக்கு ஊற்றிய தண்ணீர் அல்ல.

நினைவாற்றலுக்கும் ஓர் ஆய்வு உண்டு. 2003இல் இங்கிலாந்தின் நார்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் 144 பேரைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். ரோஸ்மேரி மணம் இருந்த அறையில் நினைவின் தரம் கூடியது, ஆனால் நினைவுகூரும் வேகம் குறைந்தது. லாவெண்டர் அறையில் இருந்தவர்கள் பின்தங்கினார்கள். ஒஃபீலியாவுக்குச் சாதகமான தீர்ப்புதான், ஆனால் நேரம் பிடிக்கும்.

கூந்தலுக்கு இதைப் பயன்படுத்துவது ஒன்றும் நேற்று வந்ததல்ல. ரோஸ்மேரிக் கஷாயத்தில் வெங்காரம் கலந்து தலை அலசுவது ஆங்கிலேய வீட்டு வழக்கம். கருங்கூந்தலுக்கு ரோஸ்மேரி, பொன்னிறக் கூந்தலுக்குச் சீமைச் சாமந்தி என்று பிரித்தும் வைத்திருந்தார்கள். ஆனால் கல்யாணம், சாவு, கொள்ளைநோய், சமையல் எல்லாம் முடிந்து அந்த வரிசையின் வாலில்தான் தலைமுடி வரும்.

ஒரே எச்சரிக்கை: வடித்த எண்ணெயை யாரும் குடிக்க வேண்டாம், நேரடியாகத் தோலில் ஊற்றவும் வேண்டாம். கற்பூரச் சத்து உள்ளது. வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கப்பல்காரன் எழுதியது:

சமையல் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்களே! இத்தாலியர்கள் காதில் விழுந்தால் சண்டைக்கு வருவார்கள். ஆட்டிறைச்சி சுடும்போது பூண்டோடு செருகுவார்கள், உருளைக்கிழங்கு வறுவலில் போடுவார்கள், ரொட்டி மாவின் மேல் எண்ணெயும் உப்பும் இலையுமாகத் தூவிச் சுடுவார்கள். டஸ்கனியில் செஸ்ட்நட் மாவில் சர்க்கரை போடாமல் ஒரு பணியாரம் செய்வார்கள். மேலே பைன் விதை, உலர்ந்த திராட்சை, ரோஸ்மேரி இலை. முதல் கடியில் இது என்ன பிண்டம் என்று தோன்றும். இரண்டாம் துண்டைக் கேட்டு வாங்குவீர்கள்.

இந்த இலையை இறைச்சியில் போடுவதில் ருசியைத் தவிர வேறு காரணமும் இருக்கிறது. கொழுப்பு காறிப்போவதை இது தாமதப்படுத்தும். எங்கள் கப்பல் சமையல்காரர் வாங்கும் டப்பாக்களின் சீட்டில் ‘இ 392’ என்று போட்டிருக்கும். அது ரோஸ்மேரிச் சாறுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் அனுமதித்தது.

வடிநீர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மகளுக்கு இழையை அனுப்பினேன். ராணியின் கல்யாணக் கதை வரை படித்துவிட்டுச் சிரித்தாளே தவிர, புட்டியைக் கீழே வைக்கவில்லை.

மலையோரம் அண்ணா, கடைசியாக ஒரு கேள்வி. நான் சென்னைவாசி. பட்டுப்போன செடிக்குப் பதில் இன்னொன்று வைக்க ஆசை. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினேன், உரமும் போட்டேன். பிறகும் ஏன் போனது?

மலையோரம் எழுதியது:

தினமும் ஊற்றியதால்தான் அம்மா. உங்கள் கணவரை விட்டுவிடுங்கள்.

இந்தச் செடி பிறந்த ஊரில் மழை குளிர்காலத்தில்; கோடை முழுக்க வறட்சி. சுண்ணாம்புப் பாறை இடுக்கில் வளர்ந்து பழகியது. சென்னையின் புழுக்கமும் தொட்டியில் தேங்கும் நீரும் சேர்ந்தால் வேர் அழுகிவிடும். மண் தொட்டி எடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். மண்ணில் பாதிக்குப் பாதி ஆற்றுமணலோ உடைத்த ஓட்டுச்சில்லோ கலக்கவும். விரலை விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். காலை வெயில் நேரடியாகப் படட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். உரம் அதிகம் வேண்டாம். கொழுத்து வளர்ந்தால் வாசனை குறைந்துவிடும்.

விதையில் போடாதீர்கள், முளைக்கச் சோம்பல்படும். ஒரு சாண் நீளத்துக்குக் குச்சி வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு மணலில் நடுங்கள். வேர் பிடிக்க ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அதுவரை பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், அடுத்த முறை கவாத்து செய்யும்போது குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொரியரில் போடுகிறேன்.